சீட்டு முதலில், பேச்சு பிறகு

இதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று நினைக்க வேண்டாம். வெட்கக்கேடு என்னுடையது, அதற்கு மற்றவர்கள் எதற்கு ஊரறியச் சாட்சிக்கு வந்து நிற்க வேண்டும்?

தொண்ணூறுகளின் நடுவில், நான் இஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் நாலு பேர் பிரேசர் டவுனில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவோம். அதற்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. பேச்சுதான் விளையாட்டு. ஒருவன் கதையை நடத்துவான், அவனுக்கு மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ திருடனாகவோ மந்திரக்காரியாகவோ அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். எதிரே ஒரு மந்திரவாதியின் கோட்டைக்குப் போகிற பாலம், பாலத்தில் ரெண்டு பூதம் காவல் நிற்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று மாஸ்டர் கேட்பான். வெட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால், வெட்டு விழுந்ததா, கத்தி வழுக்கியதா என்பதை விதிப்புத்தகமும் அதிர்ஷ்டமும் சேர்ந்து சொல்லும். மாஸ்டர் நான்தான். வேறு யார்? புத்தகம் என்னிடம் இருந்தது.

புத்தகம் என்றால் அசல் இல்லை. அமெரிக்கா போகவிருந்த ஒரு சீனியரிடம் ஒரு வாரத்துக்கு வாங்கி, மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்தது. அந்த ஆட்டத்துக்கு இருபது முகம் உள்ள பகடை வேண்டும். நாங்கள் கேட்ட கடைகளில் எல்லாம் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். அதனால் ஒன்று முதல் இருபது வரை துண்டுச் சீட்டில் எழுதி, சுருட்டி, காபிப்பொடி டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுப்போம். ஜெராக்ஸ் கட்டு என் மேசை டிராயரில் இருக்கும். மாஸ்டரைத் தவிர யாரும் அதைப் படிக்கக்கூடாது, படித்தால் சுவாரஸ்யம் போய்விடும் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். மூன்று பேரும் நம்பினார்கள்.

அந்த வீடு என் வகுப்புத் தோழனுடையது. சர்ச்சிலிருந்து வந்து, சாப்பிட்டு முடித்து, எங்களுக்காக மேசையைத் துடைத்து வைத்திருப்பார்கள். அவனுடைய அக்கா பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவரும் விளையாடுவார், எங்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். நாலாவது ஆள் கோலார் தங்கவயல்காரன். அவனும் எங்கள் வகுப்பு. தினமும் விடியற்காலை ரயிலில் காலேஜுக்கு வந்து சாயங்கால ரயிலில் திரும்புகிறவன், ஞாயிற்றுக்கிழமையும் இந்த ஆட்டத்துக்காகவே கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருவான். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. பத்தாவது வரை தமிழ் மீடியம். காலேஜில் அவன் குரலை நான் கேட்டதே அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுதான்.

நாலு பேர் வீட்டிலும் பேச்சு தமிழ். ஆனால் அந்த மேசையில் பூதமும் ராஜாவும் இங்கிலீஷ் பேசுவார்கள், ஏனென்றால் புத்தகம் இங்கிலீஷ். நாலு தமிழர்கள் உட்கார்ந்து, இல்லாத ஒரு நாட்டு ராஜாவிடம் இங்கிலீஷில் கெஞ்சிக்கொண்டிருந்தோம். இது பைத்தியக்காரத்தனம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் நாள், ஆளுக்கொரு பாத்திரம் உருவாக்க வேண்டும். பலம், வேகம், அறிவு என்று ஆறு குணம். லூடோ டப்பாக்களிலிருந்து எடுத்த மூன்று சாதாரணப் பகடையை ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு முறை உருட்ட வேண்டும், விழுந்த கூட்டுத்தொகைதான் அந்தக் குணத்தின் எண். தங்கவயல்காரனுக்குப் பலம் ஏழு, வேகம் எட்டு என்று வரிசையாகச் சொத்தையாக விழுந்தது. கடைசிக் குணம் கரிஸ்மா. உருட்டினான். மூன்று ஆறு!

"கரிஸ்மான்னா இன்னா மச்சான்?" என்று கேட்டான்.

"பேசியே ஆளை மயக்கறது."

"எனக்கா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். "மேல இருக்கறவனுக்கு குசும்பு ஜாஸ்தி."

விதி இதுதான். யாரிடமாவது பேசிக் காரியம் சாதிக்க வேண்டுமென்றால் முதலில் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் வரும் எண் உன் கரிஸ்மா எண்ணைத் தாண்டாவிட்டால் காரியம் ஜெயம். என்ன பேசினாய் என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். சீட்டு முதலில், பேச்சு பிறகு. பதினெட்டு வைத்திருக்கிற ஆள் தோற்க வேண்டுமென்றால் பத்தொன்பதோ இருபதோதான் வர வேண்டும்.

முதல் சில வாரம் அவன் சீட்டை எடுப்பான், எண்ணைக் காட்டுவான், பேசாமல் இருப்பான். அந்தப் பாலத்து விவகாரத்தில்தான் அக்கா விடவில்லை. சீட்டில் பதினொன்று வந்திருந்தது. "ஜெயிச்சிட்ட, சரி. அப்படி என்னடா சொன்ன அந்த பூதங்ககிட்ட? சொல்லேன், கேப்போம்."

அவன் டப்பாவை மூடி வைத்தான். பிறகு தமிழில் ஆரம்பித்தான். "தம்பிங்களா, எப்ப ஷிஃப்ட் ஏறினீங்க? காலையிலயா? இன்னும் மாத்து ஆள் வரலியா? உங்க மந்திரவாதி மேல மாளிகைல தூங்கறான், நீங்க இங்க குளிர்ல நிக்கறீங்க. ஓவர்டைம் குடுக்கறானா? காலு அடிபட்டா வைத்தியம் பாக்கறானா? ஒண்ணும் இல்லியா? அப்ப எதுக்குய்யா எங்கள அடிக்கறீங்க?"

பூதங்கள் ஸ்ட்ரைக் செய்தன. வேறு வழி? சீட்டு அவன் பக்கம். பாலத்துப் பூதங்கள் போய்க் கோட்டைப் பூதங்களைச் சேர்த்துக்கொள்ள, மந்திரவாதியின் கோட்டைக் கதவு ஒரு கத்திகூட உறையை விட்டு வராமல் திறந்துகொண்டது. அக்கா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தோழன் நாற்காலி மேல் ஏறி நின்று "ஜிந்தாபாத்" என்றான். அந்தக் கோட்டையை நான் ஆறு வாரமாக கிராப் பேப்பரில் வரைந்துகொண்டிருந்தேன். எந்த அறையில் எந்த மிருகம், எந்தப் படியில் என்ன பொறி என்று பென்சிலைச் சீவிச் சீவி எழுதியது. எல்லாம் குப்பை.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. தமிழும் இங்கிலீஷும் கன்னடமும் கலந்து அடிப்பான். இங்கிலீஷில் தப்பு வந்தால் அவனே சிரித்துக்கொண்டு மேலே போவான். அவன் ஏன் அப்படிப் பேசினான் என்று இன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. சீட்டு வந்துவிட்டது, ஜெயித்தாகிவிட்டது, இனி எப்படிப் பேசினாலும் அது ஜெயித்த பேச்சுதான். தோற்க முடியாத இடத்தில்தான் அவனுக்கு வாய் திறந்தது. விதியை எழுதிய மகானுபாவனுக்கு இது தெரிந்திருக்குமா என்று சந்தேகம்தான். எனக்கு அன்றைக்கே அரைகுறையாகத் தெரிந்திருந்தது, அதுதான் வினை.

ஒரு ஞாயிறு, தங்கக் குவியல் மேல் படுத்திருக்கும் டிராகனிடம் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினேன். இதனிடம் என்ன பேசுவான், பார்க்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கறுவல். அவன் சீட்டு எடுத்தான், நாலு. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். "நீ இது மேல படுத்துட்டு இருக்கியே, இது எங்கருந்து வந்துச்சு தெரியுமா? சுரங்கத்துக் கூண்டுல ஏறி எறங்கினா எங்கப்பாவுக்கு காது அடைச்சுக்கும். கீழ சட்டை போட முடியாது, அவ்ளோ சூடு. இருவத்தஞ்சு வருஷமா எடுக்கறாரு. எங்க வூட்ல எங்கம்மா காதுல இருக்கறது பித்தளை. உனக்கு எதுக்கு இவ்ளோ? நீ திங்கவா போற?"

யாரும் சிரிக்கவில்லை. தோழனின் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷமாக நான் அந்த வீட்டில் கதை நடத்துகிறேன். அந்த ஆன்ட்டி ஒரு நாள்கூட எனக்காக அப்படி வந்து நின்றதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காக எல்லாம் சொல்ல முடியாது, எரிந்தது.

அன்றைக்கு அவனோடு ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போனது நான். அவன் நல்ல உற்சாகத்தில் இருந்தான்.

"உண்மையச் சொல்லட்டா மச்சான்? இந்த ஊர்லயே இங்கதான் நான் வாயத் தொறக்கறேன். கிளாஸ்ல இது வரைக்கும் ஒரு டவுட் கேட்டதில்ல. பயம். இங்க மட்டும் எப்படியோ வருது. இப்படியே பேசிப் பேசிப் பழகிட்டேன்னு வை, அடுத்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூல உக்காந்துருவேன். அப்பாகிட்டகூட சொல்லிட்டேன்."

"உக்காருடா, உனக்கென்ன," என்றேன். தோளில் கைகூடப் போட்டேன். போட்டுக்கொண்டே, எங்கே தட்டினால் இவன் வாய் மூடும் என்று கணக்குப் போட்டேன். அவனே அல்லவா காட்டிக் கொடுத்திருந்தான்.

அடுத்த ஞாயிறு அந்த வீட்டுக்குப் போனதும் சொன்னேன். "ஒரு விஷயம். நாம இத்தனை நாள் ஒரு ரூலைத் தப்பா விளையாடிட்டிருந்தோம். நேத்துதான் புஸ்தகத்துல கவனிச்சேன். பேச்சுக்கு அப்புறம்தான் சீட்டு. முதல்ல நிஜமாவே பேசணும். பேச்சு நல்லா இருந்தா மாஸ்டர் எண்ணைக் கூட்டலாம், சரியில்லன்னா குறைக்கலாம். யார்கிட்ட பேசறோமோ அவங்க பாஷையில பேசணும்."

"இது என்ன திடீர்னு?" என்றார் அக்கா.

"புஸ்தகத்துல இருக்கு அக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம், என் அறையில், என் கையால், நான் எழுதியது.

"ரூல்னா ரூல்தானே," என்றான் தங்கவயல்காரன். அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

கதையில் அக்காவின் மந்திரக்காரியை ராஜாவின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போகும்படி ஏற்பாடு செய்திருந்தேன். தூக்கு. காப்பாற்ற வேண்டுமென்றால் சபையில் ராஜாவிடம் யாராவது வாதாட வேண்டும். அவன்தான் எழுந்தான். எப்போதும் உட்கார்ந்தபடியே பேசுகிறவன், அன்றைக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். இங்கிலீஷில் "யுவர் மெஜஸ்டி" என்றான். அதோடு நின்றான்.

நான் ராஜா. தாடையைத் தூக்கிக்கொண்டு "பார்டன்?" என்றேன்.

தோழன் களுக்கென்று சிரித்தான். நின்றுகொண்டிருந்தவனும் லேசாகச் சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். அவள் தப்பு செய்யவில்லை என்று ஏதோ வந்தது, பாதியில் வார்த்தை கிடைக்காமல் தேடினான்.

"பார்டன்?" என்றேன்.

மூன்றாம் முறை அவன் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. குழந்தைக்கும் புரிந்திருக்கும். "பார்டன்?" என்றேன்.

"தமிழ்ல சொல்லட்டா?" என்று மெல்லக் கேட்டான்.

"ராஜாவுக்குத் தமிழ் தெரியாதே."

தோழன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். பேச்சு சரியில்லை, பத்து எண் குறைக்கிறேன் என்று அறிவித்து டப்பாவை நீட்டினேன். சீட்டில் ஒன்பது. பழைய விதிப்படி கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்திருப்பான். பத்தைக் கழித்தால் அவனுக்கு மிச்சம் எட்டு. மந்திரக்காரியைத் தூக்கில் போட்டேன்.

"பரவால்ல விடுடா, இன்னொருத்தியைப் பண்ணிக்கறேன்," என்று அக்கா அவனிடம்தான் சொன்னார். என்னை அவர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, டீச்சர் வேலை செய்கிறவருக்கு இது என்னவென்று புரிந்துவிட்டது. ஆனாலும் புத்தகத்தைக் காட்டு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்து நானும் தப்பித்திருப்பேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் மோசமாகப் படுகிறது. அவன் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஏழெட்டு வாரம் தொடர்ந்து வந்தான். காவலாளி எதிரே வந்தால் "வெட்டறேன்" என்றான். கிழவி வழி சொல்ல வந்தால் "நான் பின்னாடி நிக்கறேன்" என்றான். ஏழு பலத்தை வைத்துக்கொண்டு யாரை வெட்டுவது? வெட்டு ஒன்றும் விழாது. அதையும் வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொண்டான். எனக்கோ குஷி. என் அறைகள், என் பொறிகள், என் மிருகங்கள் எல்லாம் வரிசையாக வேலை செய்தன. "இப்பத்தான் குரு, கேம் கரெக்டா போகுது," என்று அவனிடமே சொன்னேன். ஒரு மனுஷனுக்கு எவ்வளவு தடித்த தோல் இருக்க வேண்டும்!

பிறகு ரயில் நேரம் சரிப்படவில்லை என்றான். ஞாயிற்றுக்கிழமை வருவது நின்றது. ஆட்டமும் கொஞ்ச நாளில் தானாக நின்றுபோனது.

அடுத்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மேலிருந்து கீழாக இரண்டு முறை தேடினேன். அவன் பெயர் இல்லை. கேன்டீனில் பிடித்து "ஏன்டா குடுக்கல?" என்றேன். "வேணாம் மச்சான், நமக்கு அதெல்லாம் செட் ஆவாது," என்று தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னான். அந்த விதி நானே எழுதியது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. எனக்கும் இன்டர்வியூவுக்குத் தயார் செய்ய வேண்டியிருந்தது, போய்விட்டேன். எனக்கு வேலை கிடைத்தது. பேச்சு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, சுரங்கமும் மூடிப்போன பிறகு, ஒக்கலிபுரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் என் முழங்கையை யாரோ பிடித்தார்கள். அவன்தான். தலையில் முடி கொட்டியிருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு இங்கேயே குடிவந்துவிட்டதாகச் சொன்னான். விடவில்லை, வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். மாடியில் சின்ன போர்ஷன். அவன் மனைவி டீ போட்டார்கள். பீன்யாவில் ஒரு தொழிற்கூடத்தில் அளவுக்கருவிகளைச் சோதித்துச் சரிபார்க்கிற வேலை, நல்ல வேலைதான் என்றான்.

"ரெண்டு தபா சூப்பர்வைசர் போஸ்ட் வந்துச்சு. நான்தான் வேணாம்ட்டேன். அதுல டெய்லி மீட்டிங் மச்சான், பேசணும். இது மெஷின்கூட வேலை, நிம்மதி."

ஆறு வயசுப் பெண் குழந்தை ஒன்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, அவளுடைய மிஸ், பக்கத்து வீட்டுப் பூனை, கீழே ஓடுகிற ரயில் என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தது. என்ன பேச்சு! கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

"பாருங்கண்ணா," என்றார்கள் அவன் மனைவி. "ஸ்கூல் டேவுக்கு இவதான் ஸ்டேஜ்ல இங்கிலீஷ்ல பேசணும்னு மிஸ் செலக்ட் பண்ணியிருக்காங்க. இவரு வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. நீங்களாவது சொல்லுங்க."

"குழந்தைதானே, பேசட்டும் விடுடா," என்றேன்.

"உனக்குத் தெரியாதா மச்சான்?" என்றான் அவன். குரலில் துளி வருத்தமோ குத்தலோ இல்லை, பழைய சிநேகிதனிடம் சிநேகிதன் பேசுகிற பேச்சு. "வூட்ல யார் வேணா பேசலாம். சீட்டு எடுத்துட்டுப் பேசற மாதிரி அது. எனக்கு நீ சொன்னப்பதான் தெரிஞ்சுது. மேல ஏறி நின்னு, நாலு பேர் முன்னாடி, எதிர்ல இருக்கறவன் பாஷையில பேசணும், அதுதான் கணக்கு. அது நம்ம ரத்தத்துல இல்ல. நின்னு முழிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், இவளுக்கு அது வேணாம். நீ அன்னிக்கு கரெக்டா ரூல் படிச்சு சொன்ன. இல்லன்னா நான் பாட்டுக்கு இன்டர்வியூல போய் உக்காந்து மானம் போயிருக்கும்." மனைவியிடம் திரும்பினான். "நான் சும்மா சொல்றேன்னு நினைக்கறா இவ. நீயே சொல்லு மச்சான். புஸ்தகத்துலயே இருந்துச்சு இல்ல?"

அவன் மனைவி டீத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். குழந்தைகூடப் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தது.

இல்லை என்று சொன்னால் போதும். அப்புறம் அவன் ஏன் என்று கேட்பான். ஏனென்று நான் சொல்ல வேண்டியிருக்கும், அவன் மனைவி முன்னால், அவன் வீட்டில், அவன் டீயைக் குடித்துக்கொண்டு.

"இருந்துச்சு," என்றேன்.

அவன் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, நாளைக்கு மிஸ்ஸிடம் வேண்டாம் என்று சொல்லிவிடும்படி சொன்னான். அவள் சரிப்பா என்றாள்.